செக்ரட்டேரியட் பண்ணையில் தோற்றதா? ஓய்வுக்குப் பிறகு பந்தயக் குதிரைகள்

#1 — வாசு_தஞ்சை

நண்பர்களுக்கு வணக்கம். ரொம்ப நாளாக மனதை அரிக்கும் ஒரு விஷயம். செக்ரட்டேரியட் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கடைசியில் யாராவது ஒருவர் "ஓட்டத்தில் ராஜா, பண்ணையில் தோல்வி" என்று முடித்துவிடுகிறார். பண்ணை என்றால் ஓய்வு பெற்ற குதிரையை இனப்பெருக்கத்துக்கு வைக்கும் இடம். எனக்கு இது ஏற்கவே இல்லை.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1970 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த செவலைக் குதிரை. அப்பா போல்ட் ரூலர், அம்மா சம்திங்ராயல். 1973இல் கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஜெயித்து, 25 வருஷமாக யாருக்கும் எட்டாத மூன்று கிரீடத்தை எடுத்தது. பெல்மான்டில் 31 லெங்த் (குதிரையின் உடல் நீளம்) வித்தியாசம். ஒன்றரை மைலுக்கு 2 நிமிடம் 24 விநாடி. மண் தடத்தில் அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் எட்டவில்லை. அன்று அதன்மேல் பணம் கட்டி ஜெயித்தவர்களில் பலர் சீட்டை மாற்றவே இல்லை. 5,617 சீட்டுகள் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டன. இரண்டு டாலர் சீட்டுக்கு 2.20தான் கிடைத்திருக்கும். அந்தச் சீட்டு கையில் இருப்பதே போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு ஓடிய குதிரை நான்கு வயதில் ஒரு ஓட்டம்கூட ஓடவில்லை. உரிமையாளர் பென்னி செனரியின் அப்பா 1973 ஜனவரியில் காலமானார். சொத்து வரி கட்டியாக வேண்டிய நெருக்கடி. கிளெய்போர்ன் பண்ணையின் சேத் ஹான்காக், அப்போது அவருக்கு வயது வெறும் 23, குதிரையை 32 பங்குகளாகப் பிரித்து ஒரு பங்கு 1,90,000 டாலர் என்று விற்றுக் கொடுத்தார். மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அன்றைக்கு அது உலக சாதனை. மூன்று வயது முடிந்ததும் குதிரை பண்ணைக்கு வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று கிரீடப் பந்தயங்கள் தொடங்கும் முன்பே இதெல்லாம் முடிவாகிவிட்டது.

ஓடிய வாழ்க்கை 16 மாதம். பண்ணை வாழ்க்கை 16 வருஷம். அந்த 16 வருஷத்தை ஒரே சொல்லில் "தோல்வி" என்பது நியாயமா?

#2 — குளம்படி

வாசு, நல்ல இழை. ஆனால் அப்படிச் சொல்பவர்கள் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. அதையும் வைக்கிறேன்.

அப்பா போல்ட் ரூலர் அமெரிக்காவில் எட்டு முறை முதலிடம் பிடித்த பொலிக்குதிரை, அதாவது இனப்பெருக்கத்துக்கு வைக்கும் ஆண் குதிரை. அந்த அப்பாவுக்கு இந்த மகன் என்றால் வாங்கியவர்கள் என்ன எதிர்பார்த்திருப்பார்கள்? 650க்கும் மேற்பட்ட குட்டிகள் பிறந்தன. அவற்றில் ஒன்றுகூட அப்பாவைப் போல இல்லை. முதல் சில ஆண்டுக் குட்டிகள் சந்தையில் பெரிய விலைக்குப் போய், தடத்தில் ஏமாற்றின. ஆண்வழி வம்சமும் தழைக்கவில்லை. மகன்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைக் கொண்டு செல்லும் பெரிய பொலிக்குதிரையாக வரவில்லை. பங்கு வாங்கியவர் கோணத்தில் பார்த்தால் கணக்கு இதுதான்.

நல்ல குட்டிகளே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரைசன் ஸ்டார் 1988இல் ப்ரீக்னஸும் பெல்மான்டும் ஜெயித்தது. லேடிஸ் சீக்ரெட் 1986இல் அமெரிக்காவின் 'ஆண்டின் சிறந்த குதிரை'. கிங்ஸ்டன் ரூல் 1990 மெல்பர்ன் கோப்பையை சாதனை நேரத்தில் ஜெயித்தது. வேறு எந்தக் குதிரைக்கும் இது போதும். இதற்குப் போதாது என்றுதான் ஊர் சொன்னது.

#3 — கால்நடைச்_செல்வி

நான் கால்நடை மருத்துவர். குதிரைகளோடு சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன்.

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத ஒரு பகுதி, பண்ணைக்கு வந்த முதல் மாதத்தின் பதற்றம். 1973 நவம்பரில் வந்தவுடன் விந்துப் பரிசோதனை செய்தார்கள். முதிராத உயிரணுக்கள் தென்பட்டன. 60 லட்சம் டாலர் ஒப்பந்தமே ஆடிப்போயிற்று. சோதனைக்காக உயர்ந்த ஜாதி அல்லாத சில பெட்டைகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று லியோலா என்ற புள்ளிபோட்ட அப்பலூசா பெட்டை. 1974 நவம்பரில் அதற்குப் பிறந்த ஃபர்ஸ்ட் செக்ரட்டரிதான் செக்ரட்டேரியட்டின் முதல் குட்டி. பந்தயத்தில் ஓட முடியாத குட்டி. ஆனால் அது பிறந்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமில்லை. அப்படிப் பிறந்த குட்டியைப் பதிவு செய்ய மாட்டார்கள். அதனால் பெட்டையைப் பண்ணைக்கே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். சினைக்காலம் 11 மாதம். வட அரைக்கோள நாடுகளில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1 பிறந்தநாள் என்பதால் பிப்ரவரியிலிருந்து கோடை தொடங்கும்வரை இடைவிடாத வேலை. பெட்டை தயாரா என்று பார்க்க 'டீசர்' என்று ஒரு ஆண் குதிரையைத் தனியாக வைத்திருப்பார்கள். அதன் வேலை முகர்ந்து பார்ப்பது, உதை வாங்குவது, திரும்பிப் போவது. எந்தப் பரம்பரை ஏட்டிலும் அதற்குப் பெயர் கிடையாது. பண்ணைக் கதைகளில் எனக்கு மிகவும் மனம் இரங்குவது இந்தக் குதிரைக்குத்தான்.

வாசு கேட்டதற்கு என் பதில்: மகன்களைப் பார்க்காதீர்கள். மகள்களைப் பாருங்கள்.

#4 — வாசு_தஞ்சை

மேடம், அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் முந்திவிட்டீர்கள்.

மகள் டெர்லிங்குவா பெற்றது ஸ்டார்ம் கேட். ஒரு முறை சேர்க்க 5 லட்சம் டாலர்வரை கட்டணம் வாங்கிய குதிரை. மகள் வீக்கெண்ட் சர்ப்ரைஸ் பெற்றவை ஏ.பி. இண்டி, சம்மர் ஸ்குவால் இரண்டும். ஏ.பி. இண்டி 1992 பெல்மான்ட் ஜெயித்து, பிறகு தானே ஒரு பெரிய வம்சத்தைத் தொடங்கியது. மகள் சீக்ரெட்டேம் பெற்றது கான் வெஸ்ட். 1992இல் தாய்வழிப் பாட்டன்களின் வரிசையில் செக்ரட்டேரியட்தான் முதலிடம். அப்போது அது இறந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

இன்னொன்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 1978க்குப் பிறகு 37 வருஷம் கழித்து 2015இல் மூன்று கிரீடத்தை எடுத்த அமெரிக்கன் ஃபேரோவின் அம்மா, யாங்கீ ஜென்டில்மேனின் மகள். யாங்கீ ஜென்டில்மேன் ஸ்டார்ம் கேட்டின் மகன். 2018இல் எடுத்த ஜஸ்டிஃபை, ஸ்டார்ம் கேட்டின் நேர் ஆண்வழி. ஆக இந்த இரண்டு குதிரைகளின் இரத்தமும் டெர்லிங்குவா என்ற ஒரே மகள் வழியாகச் செக்ரட்டேரியட்டிடம் போய்ச் சேருகிறது.

இதற்கா தோல்வி என்று பெயர்?

#5 — குளம்படி

ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் பங்கு வாங்கியவரின் கணக்கு. உங்களுடையது காலத்தின் கணக்கு. பங்கு வாங்கியவருக்கு 1976இல் பதில் வேண்டியிருந்தது. பேரன் 1992இல்தான் வந்தான்.

செக்ரட்டேரியட்டுக்கு இருந்ததாகச் சொல்லும் பெரிய இதயம் தாய்வழியாக இறங்கும் என்று ஒரு கருத்து இருக்கிறதே, செல்வி மேடம், அது உண்மையா?

#6 — கால்நடைச்_செல்வி

மகனுக்குக் கிடைக்கும் எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்துதான். அதனால் பெரிய இதயம் மகள்கள் வழியாகவே பேரன்களுக்குப் போகிறது என்று எழுதினார்கள். கேட்க அழகான கதை. ஆனால் அறிவியலாக நிறுவப்படவில்லை. இதய அளவு பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்வது. இன்னொரு எளிய காரணமும் இருக்கிறது. இவ்வளவு விலை போன குதிரையிடம் நாட்டின் மிகச் சிறந்த பெட்டைகளைத்தான் கொண்டுவந்தார்கள். அவற்றுக்குப் பிறந்த மகள்களுக்கும் பின்னால் நல்ல ஜோடிகளே கிடைத்தன.

இதயம் பற்றிப் பேச்சு வந்ததால்: இறந்த பிறகு பரிசோதித்த டாக்டர் ஸ்வெர்செக் அந்த இதயத்தை எடை போடவில்லை. பிற்பாடு, 1973இல் டெர்பியிலும் ப்ரீக்னஸிலும் செக்ரட்டேரியட்டிடம் தோற்று இரண்டாவதாக வந்த ஷாம் இறந்தபோது அதன் இதயத்தை நிறுத்துப் பார்த்தார். 18 பவுண்டு. சாதாரண குதிரைக்கு 9 பவுண்டு அளவில் இருக்கும். ஷாமோடு ஒப்பிட்டுத்தான் செக்ரட்டேரியட்டுக்கு 22 பவுண்டு இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார். நிறுத்த எடை போலப் பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. எனக்கு அதில் ஷாமின் 18தான் நெஞ்சைத் தொடுகிறது. அவ்வளவு பெரிய இதயத்தோடு பிறந்தும், பிறந்த வருஷம் சரியில்லை.

#7 — லெக்சிங்டன்_முருகு

நான் வேலைக்காகக் கென்டக்கி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கிளெய்போர்ன் இங்கிருந்து பக்கம்தான், பாரிஸ் என்ற சின்ன ஊர். முன்பதிவு செய்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம். மூன்று தடவை போயிருக்கிறேன்.

முதல் தடவை பெரிய மண்டபம், கண்ணாடிப் பெட்டி எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. லாயத்தின் ஒரு கதவில் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், அந்த அறையில் இருந்த குதிரைகளின் பெயர்கள், அவ்வளவுதான். செக்ரட்டேரியட்டுக்குக் கொடுத்தது அப்பா போல்ட் ரூலர் இருந்த அதே அறை. மேலே அப்பன் பெயர், கீழே மகன் பெயர். அதற்கப்புறமும் அங்கே வேறு குதிரைகள் வந்தன, தகடுகள் கூடின. அறையைப் பூட்டிக் காட்சிப்பொருளாக வைக்கவில்லை. வைக்கோல் வாசனையோடு, புழக்கத்தில் இருக்கும் அறை. நான் அந்தத் தகட்டில் கைவைத்தேன். மற்ற தகடுகளைவிட அது வழவழப்பாக இருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் தடவியிருப்பார்கள்!

சேர்க்கைக் கொட்டகையும் காட்டினார்கள். சுவர் முழுக்கத் திண்டு. குதிரை மோதிக்கொண்டால் அடிபடக் கூடாதே என்று.

பிறகு அலுவலகத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். முழங்கால் உயரக் கற்கள், பெயரும் ஆண்டும் மட்டும். பந்தயக் குதிரைகளைப் புதைப்பதில் ஒரு வழக்கம் உண்டு. தலை, இதயம், குளம்புகள் மூன்றை மட்டும் புதைப்பார்கள். செக்ரட்டேரியட்டை முழு உடலாகப் புதைத்தார்கள், அது பெரிய மரியாதை. அன்றைக்கும் யாரோ வைத்த பூ கிடந்தது. வழிகாட்டி சொன்னார், பூ இல்லாத நாளே அபூர்வம் என்று.

#8 — லாயத்துப்_பையன்

முருகு அண்ணா, அந்தத் தகடு விஷயத்தை எங்கள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா கிண்டி லாயத்தில் 20 வருஷத்துக்கு மேல் சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிப்பவராக இருந்தவர். இப்போது வயது 74.

எல்லோரும் உரிமையாளர், ஜாக்கி, டிரெய்னர் என்று பேசுகிறீர்கள். நான் எடி ஸ்வெட் பற்றிச் சொல்ல வேண்டும். செக்ரட்டேரியட்டின் சைஸ். தெற்கு கரோலினாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினத்தவர். குதிரையோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். கவலையான இரவுகளில் அதன் அறை வாசலிலேயே படுத்திருக்கிறார். 1973 நவம்பரில் குதிரையை விமானத்தில் ஏற்றிக் கென்டக்கிக்குக் கொண்டுபோனபோது கூடவே போனவர் அவர்தான். பண்ணை ஆட்களிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். 60 லட்சம் டாலர் குதிரை. அதன் வியர்வையைத் துடைத்த மனிதர் 1998இல் இறந்தபோது கையில் காசில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கயிறைக் கொடுத்தப்புறம் திரும்பிப் பார்த்தாராமா?" என்று மட்டும் கேட்டார்.

#9 — வாசு_தஞ்சை

தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கென்டக்கி ஹார்ஸ் பார்க்கில் செக்ரட்டேரியட் சிலை இருக்கிறது. அதில் குதிரைமேல் ஜாக்கி ரான் டர்காட், முன்னால் கயிறு பிடித்து நடப்பவர் எடி ஸ்வெட். அந்த அளவுக்காவது அவருக்கும் வெண்கலத்தில் இடம் கிடைத்தது.

சைஸ் என்றதும் வில் ஹார்பட் நினைவுக்கு வருகிறார். மேன் ஓ வார் என்ற இன்னொரு பெரிய செவலை, 21 ஓட்டத்தில் 20 வெற்றி. பண்ணைக்கு வந்தபின் அதைப் பார்க்க லட்சக்கணக்கான பேர் வந்தார்கள். ஹார்பட்தான் குதிரைக்குப் பக்கத்தில் நின்று, அதன் கதையைத் தன் பாணியில் சொல்லிக் காட்டுவார். வந்தவர்கள் பாதி குதிரைக்காக, பாதி அவருடைய பேச்சுக்காக. 1947 அக்டோபரில் ஹார்பட் இறந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 1ஆம் தேதி மேன் ஓ வாரும் போய்விட்டது. 30 வயது. உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்தார்கள், ஆயிரக்கணக்கில் கூடினார்கள், இறுதிச் சடங்கை வானொலியில் ஒலிபரப்பினார்கள்.

உரிமையாளர் ரிடில் அதைப் பெரும்பாலும் தன் சொந்தப் பெட்டைகளோடுதான் சேர்த்தார். ஆண்டுக்கு சுமார் 25 பெட்டைகள். திறந்து விட்டிருந்தால் இன்னும் என்னவெல்லாம் வந்திருக்கும் என்று இன்றும் வருந்துபவர்கள் உண்டு. அப்படியும் மகன் வார் அட்மிரல் 1937இல் மூன்று கிரீடம் எடுத்தது. அடுத்த வருஷம் அந்த மகனை நேருக்கு நேர் ஓடித் தோற்கடித்தது சீபிஸ்கட். சீபிஸ்கட் யார் என்றால் மேன் ஓ வாரின் பேரன்.

#10 — யாழ்நிலா

நான் இந்த இழையில் புதிது. ஒரு சந்தேகம். வாரிசு விட்டால்தான் நினைவு என்றால், காயடித்த குதிரைகளை யார் நினைப்பார்கள்?

#11 — நூலகம்_ரமணி

யாழ்நிலா, நீங்கள் கேட்டதுதான் இந்த இழைக்குத் தேவையான கேள்வி. வாரிசே இல்லாத குதிரைகளைத்தான் சில நாடுகள் விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன.

ஃபார் லாப் என்ற குதிரையைப் பாருங்கள். நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் ஓடியது. காயடித்த செவலை. 51 ஓட்டம், 37 வெற்றி, 1930 மெல்பர்ன் கோப்பை. பொருளாதார மந்தத்தில் மக்கள் சோற்றுக்குத் திண்டாடிய காலத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு சந்தோஷம் கொடுத்த குதிரை. 1932 ஏப்ரல் 5, கலிஃபோர்னியாவில் திடீரென்று இறந்தது. பக்கத்தில் இருந்தவர் அதைப் பராமரித்த டாமி உட்காக். இன்றைக்கு அதன் தோல் பதப்படுத்தப்பட்டு மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இதயம் கான்பெராவில். எலும்புக்கூடு வெலிங்டனில். இரண்டு நாடும் அதைப் பங்கு பிரித்துக்கொண்டன. சந்ததி கிடையாது, பொலி கட்டணம் கிடையாது.

இங்கிலாந்தில் ரெட் ரம். 1973, 1974, 1977 என்று மூன்று முறை கிராண்ட் நேஷனல் என்ற தடை தாண்டும் பந்தயத்தை ஜெயித்தது. அதுவும் காயடித்ததுதான். 1995இல் இறந்தபோது எய்ன்ட்ரீ மைதானத்தில் வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஜெயிக்கிற குதிரை அதன் தலைமாட்டைத் தாண்டித்தான் போகிறது.

பொலிக்கு விட்டும் பலிக்காத குதிரையும் உண்டு. சிகார் தொடர்ந்து 16 ஓட்டம் ஜெயித்தது, 1996இல் முதல் துபாய் உலகக் கோப்பையையும் எடுத்தது. பண்ணைக்குப் போனால் ஒரு பெட்டைகூடச் சினை ஆகவில்லை. காப்பீட்டு நிறுவனம் 250 லட்சம் டாலர் கொடுத்துக் குதிரையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. நல்லவேளை, அதைக் கென்டக்கி ஹார்ஸ் பார்க்கில் விட்டார்கள். 2014இல் இறக்கும்வரை பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகளில் யாருக்கும் அதற்குக் குட்டி இல்லை என்ற கவலை இருந்திருக்காது.

#12 — குளம்படி

ரமணி சார் சொன்னது மனதுக்கு இதம். நான் இப்போது எழுதப் போவது இதம் அல்ல. ஆனால் இந்த இழையில் இது இல்லாமல் போகக் கூடாது.

ஃபெர்டினாண்ட். 1986 கென்டக்கி டெர்பி வெற்றி, மேலே 54 வயது ஜாக்கி ஷூமேக்கர். 1987இல் 'ஆண்டின் சிறந்த குதிரை'. 1989இல் பொலிக்கு வந்த இடம் எது தெரியுமா? கிளெய்போர்ன். முருகு பித்தளைத் தகட்டைத் தடவிய அதே பண்ணை. குட்டிகள் சரியாக ஓடவில்லை. 1994இல் ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே முதல் வருஷம் 77 பெட்டைகள் வந்தன. ஆறு வருஷத்தில் அது 10ஆகக் குறைந்தது. கை மாறியது, மறுபடி கை மாறியது. 2002இல் இறைச்சிக்கூடத்தில் அதன் கதை முடிந்தது. அமெரிக்காவுக்குச் செய்தியே 2003இல்தான் தெரிய வந்தது. ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனதால் தெரிந்தது, இல்லையென்றால் அதுவும் இல்லை.

ஜப்பான்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. 1997இல் எக்ஸெல்லருக்கு ஸ்வீடனில் இதே கதி. எந்த நாடாக இருந்தாலும் "இது இனி சம்பாதிக்காது" என்று ஒரு தாளில் எழுதிய பிறகு அந்தக் குதிரைக்காகப் பேச யாரும் பொறுப்பில் இல்லை. அதுதான் என் ஆத்திரம். டெர்பி ஜெயித்த குதிரைக்கே இப்படி என்றால், பெயர் தெரியாத குதிரைகளை நினைத்துப் பாருங்கள்.

#13 — யாழ்நிலா

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை.

#14 — லெக்சிங்டன்_முருகு

குளம்படி எழுதியது முழுக்க உண்மை. அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன்.

ஃபெர்டினாண்ட் செய்தி வந்த அதே 2003இல் மைக்கேல் ப்ளோவன் என்ற முன்னாள் பத்திரிகைக்காரர் ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ் என்ற பண்ணையைத் தொடங்கினார். ஜார்ஜ்டவுனில் இருக்கிறது, என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். பொலி வேலை முடிந்த, இனி எந்தச் சம்பாத்தியமும் இல்லாத குதிரைகளுக்கான இடம். அங்கே பொலிக் கட்டணமும் இல்லை, பந்தயமும் இல்லை. புல், நிழல், பார்க்க வரும் மனிதர்கள், அவ்வளவுதான். பல உரிமையாளர்கள் விற்பனை ஒப்பந்தத்திலேயே, வேலை முடிந்தால் திரும்ப எங்களுக்கே தர வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார்கள்.

சில்வர் சார்ம், 1997 டெர்பி வெற்றிக் குதிரை, ஜப்பானிலிருந்து 2014 டிசம்பரில் இங்கே வந்து சேர்ந்தது. அடுத்த வருஷம் வார் எம்பளம். 2002இல் டெர்பி ஜெயித்த குதிரை, ஜப்பானில் பெரிய விலை கொடுத்து வாங்கினார்கள். ஆனால் அதற்குப் பெட்டைகள்மேல் விருப்பமே இல்லை! அதை யாரும் இறைச்சிக்கு அனுப்பவில்லை. வருஷக்கணக்கில் பொறுத்திருந்து, கடைசியில் பத்திரமாக அனுப்பி வைத்தார்கள். அதனால் ஜப்பான் என்று பொதுவாகச் சொல்லக் கூடாது, குளம்படி சொன்னதுதான் சரி.

சில்வர் சார்மை நான் கிட்டப் பார்த்திருக்கிறேன். இளமையில் சாம்பல் நிறம், இப்போது வெள்ளை வெளேர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கேரட் வாளி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கும், அப்புறம்தான் ஆளைப் பார்க்கும். கையில் வைத்து நீட்டினால் உதடு மட்டும் உள்ளங்கையில் படும், பல் படாது. அவ்வளவு மெதுவாக எடுக்கும்.

#15 — குளம்படி

மதிப்பெல்லாம் இப்போது எங்கே போய்விட்டது என்பதற்கு ஒரு தகவல். ஃப்ளைட்லைன் என்ற குதிரை மொத்தமே ஆறு ஓட்டம் ஓடியது, ஆறும் வெற்றி. 2022இல் ஓய்வு. உடனே அதன் இரண்டரை சதவீதப் பங்கை ஏலம் விட்டார்கள். 46 லட்சம் டாலர். முழுக் குதிரைக்குக் கணக்குப் போட்டால் 18 கோடியே 40 லட்சம் டாலர் வருகிறது. இதை வைத்துக்கொண்டு யார் ஐந்து, ஆறு வயதுவரை ஓட விடுவார்கள்? ஒரு கால் முறிந்தால் எல்லாம் போயிற்று. ரசிகனுக்கு ஆறு ஓட்டம், பண்ணைக்கு இருபது வருஷம். எனக்கு இதில் உள்ள வருத்தம், ஒரு குதிரையோடு பழகவே நமக்கு நேரம் கொடுப்பதில்லை என்பதுதான். ஃபார் லாப் 51 ஓட்டம் ஓடியதால்தான் ஊருக்கே சொந்தமானது.

#16 — யாழ்நிலா

பெட்டைக் குதிரைகள் பற்றி யாரும் சொல்லவில்லையே? செனியாட்டா 20 ஓட்டத்தில் 19 ஜெயித்தாள். குட்டிகள் யாரும் அம்மா அளவுக்கு வரவில்லை. அவளை யாரும் மறக்கவும் இல்லை, தோல்வி என்று சொல்லவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் விங்க்ஸ் தொடர்ந்து 33 ஓட்டம் ஜெயித்தாள். முதல் குட்டி பிழைக்கவில்லை. அப்புறம் பிறந்த பெண் குட்டி 2024இல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது. அதே வருஷம் 25க்கு 25 ஜெயித்த பிளாக் கேவியர், குட்டி ஈன்ற சிறிது நேரத்தில் இறந்துபோனாள். எனக்கு அந்தச் செய்தி வந்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

#17 — கால்நடைச்_செல்வி

பிளாக் கேவியரின் உயிரை எடுத்ததும் லாமினைட்டிஸ்தான், செக்ரட்டேரியட்டையும் அதுதான் கொண்டுபோயிற்று. இது என்ன நோய் என்று விளக்கிவிடுகிறேன்.

குதிரையின் குளம்புக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. குளம்பின் உட்சுவரோடு அதைப் பிணைத்து வைப்பது காகிதம்போல் மெல்லிய மடிப்புகள். ஏதோ காரணத்தால் அந்த மடிப்புகள் அழற்சி கண்டு பிரிய ஆரம்பித்தால் எலும்பு கீழே இறங்குகிறது. ஐந்நூறு கிலோ உடம்பின் பாரம் அந்த இடத்தில். மனிதனைப் போலப் படுக்கவைத்து மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்கவும் முடியாது, குதிரை நிற்க வேண்டிய பிராணி. நின்றால் வலி. வலிக்கும் காலை விட்டு அடுத்த காலில் சாய்ந்தால் அந்தக் காலும் கெடும்.

1989 செப்டம்பர் தொடக்கத்தில் செக்ரட்டேரியட்டுக்கு அது வந்தது. ஒரு மாதம் பார்த்தார்கள். அக்டோபர் 4ஆம் தேதி, 19 வயதில், வலியிலிருந்து விடுவித்தார்கள். என் வேலையில் இதே நோய்க்கு அந்த ஊசியை நானும் போட்டிருக்கிறேன். குதிரையின் கழுத்தில் கைவைத்து நிற்கும் சைஸின் முகத்தைப் பார்க்காமல் போடப் பழகிக்கொள்ள வேண்டும். நான் கடைசிவரை பழகவில்லை.

#18 — லாயத்துப்_பையன்

செல்வி மேடம் எழுதியதையும் அப்பாவுக்குப் படித்தேன். அதன் பிறகு அவராகவே பேசினார். எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

அப்பா பார்த்துக்கொண்ட குதிரைகளில் ஒன்று செவலை. பந்தயப் பெயர் வேறு, நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது செவலைதான், "அது" என்றுகூடச் சொல்ல மாட்டார், "அவன்" என்பார். பின்னங்கால் ஒன்றில் மட்டும் கணுக்கால்வரை வெள்ளை. நான்கு ஓட்டம் ஜெயித்தான். பெரிய கோப்பை எதுவும் இல்லை. அப்புறம் முன்னங்காலில் நரம்பு வீங்கிவிட்டது. பொலிக்கு வைக்கும் அளவு வம்சம் இல்லை. ஒரு நாள் காலையில் லாரி வந்தது. யாருக்கு விற்றார்கள் என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் அவர் இல்லை. லாரியில் ஏற மறுத்து நின்றவனை அப்பாதான் பேசிப் பேசி ஏற்றினார். சட்டைப் பையில் இருந்த வெல்லத்தைக் காட்டி ஏற்றினேன், அதுதான் தப்பு என்று இப்போதும் சொல்கிறார்.

அவனுடைய பழைய லாடம் ஒன்று எங்கள் வீட்டு வாசல்படியில் இருக்கிறது. எல்லோரும் ராசிக்காக அடித்திருக்கிறோம் என்று நினைப்பார்கள்.

மெரினாவில் சவாரிக் குதிரைகள் நிற்கும் அல்லவா, அதில் ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரைகளும் வரும். சின்ன வயதில் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் அப்பா கடலைப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு குதிரையின் பின்னங்காலையும் பார்த்துக்கொண்டே நடப்பார். எனக்குக் காரணம் தெரிந்தது நேற்று இரவுதான்.

#19 — வாசு_தஞ்சை

தம்பி, இந்த இழையை நான் தொடங்கியது ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காக. இப்போது அந்த வாதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

#20 — லெக்சிங்டன்_முருகு

தம்பி, அடுத்த மாதம் ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ் போகிறேன். அப்பாவுக்காக சில்வர் சார்மைப் படம் எடுத்து அனுப்புகிறேன். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேளுங்கள்.

#21 — லாயத்துப்_பையன்

கேட்டேன் அண்ணா. படம் எடுக்கும்போது முகத்தை மட்டும் எடுக்காமல் நான்கு காலும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னார். அப்புறம், அங்கே குதிரைக்கு வெல்லம் கொடுக்க விடுவார்களா என்று கேட்கச் சொன்னார்.

#22 — லெக்சிங்டன்_முருகு

வெல்லத்துக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம், அங்கே கேரட்தான். ஒரு கேரட் அப்பா பெயரில் கொடுத்துவிடுகிறேன். நான்கு காலும் தெரிகிற மாதிரி எடுக்கிறேன்.